கடைமடைக்காரரோடு ஆதி ரங்கத்தில் இரண்டு நாள்

நண்பனின் அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. காவிரி கடலுக்குப் போகிற வழியில் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் ஊர்களில் ஒன்று அவருடையது. கடைமடை என்பார். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் அவர் வயலுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், சில வருடம் வராமலும் போகும். பெங்களூரில் மகன் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே அவருக்குச் சலித்துவிடும். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் எட்டாவது மாடி. பால்கனியில் நின்று, தூரத்தில் தெரிந்த அகரா ஏரியைக் காட்டி, "இதுக்கு ஆயக்கட்டு எவ்வளவு?" என்று ஒருநாள் கேட்டார். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், முழுக்க அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது என்றோம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

போன நவம்பர் கடைசியில் பேத்தியின் காதுகுத்துக்கு வந்தவர், விசேஷம் முடிந்த மறுநாளே ஆரம்பித்தார். "கண்ணம்பாடித் தண்ணி எந்த வழியா கீழ எறங்குதுன்னு ஒருவாட்டி நடந்து பாக்கணும்பா. கார்ல வேணாம்."

கிருஷ்ணராஜ சாகர் அணையை மண்டியா பக்கத்து ஜனங்களும் கண்ணம்பாடி என்றுதான் சொல்கிறார்கள். அணையின் மேலே நம்மை நடக்க விடமாட்டார்கள். கீழே இருக்கும் பூங்காவில் அவருக்கு ஆர்வம் இல்லை. யோசித்துப் பார்த்து ஸ்ரீரங்கப்பட்டணம் என்று முடிவு செய்தோம். அணையிலிருந்து இறங்கி வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்கிறது. காவிரிக்குள் அரங்கன் படுத்திருக்கும் மூன்று தீவுகளில் முதலாவது இது, ஆதி ரங்கம். சிவனசமுத்திரம் மத்திய ரங்கம். கடைசி ரங்கம் நம் ஸ்ரீரங்கம். இதைச் சொன்னதும் பெரியவர் மறுபேச்சு பேசவில்லை. (அவரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே குழப்பம் வேண்டாம் என்று பெரியவர் என்று எழுதுகிறேன். வயது 66.)

நான் ஹலசூரில் பிறந்து வளர்ந்தவன். பெங்களூர்க்காரன் நடை என்றால் ஞாயிறு விடியற்காலை நந்தி மலை, இல்லாவிட்டால் சாவனதுர்கா, சிவகங்கை. அதாவது ஏறுவது, போட்டோ எடுப்பது, இறங்குவது. சமதளத்தில், அதுவும் ஆற்றங்கரை வயல்காட்டில் நடப்பதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மலையில் வழி தவறினால் மேலே பார்த்தாவது திசை தெரியும். கரும்புக் காட்டில் மேலே பார்த்தால் தோகைதான் தெரியும். அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான்கு பேர் கிளம்பினோம். நான், நண்பன், பெரியவர், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் அக்கா மகன். அவன் காலில் புத்தம்புது வெள்ளை ஷூ. பெரியவர் தோல் செருப்பு. அவருக்கு ஷூ வாங்கித்தர மகன் இரண்டு நாளாகக் கெஞ்சி ஓய்ந்திருந்தான்.

மைசூர் போகும் காலை ரயில் வசதி. ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷன் தீவின் மேலேயே இருக்கிறது, இறங்கினால் கோட்டைக்குள்தான் நிற்கிறோம். வழியில் மத்தூர் வடை ஏறும், அதைத் தவற விடாதீர்கள். ஆனால் அதையே காலைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எண்ணெயும் வெங்காயமும் பதினொரு மணி வெயிலில் கணக்குக் கேட்கும். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

ஸ்டேஷன் பக்கத்திலேயே திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று இருக்கிறது. இரட்டைப் பாதை போட அது குறுக்கே நின்றது. இடிக்காமல், 2017-இல் அடியோடு பெயர்த்து, ஏறக்குறைய 1000 டன் எடையுள்ள செங்கல் கட்டடத்தை 100 மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். அக்கா மகன் சிவில் படிக்கிறான். கோயிலைவிட அதைத்தான் அதிக நேரம் சுற்றிப் பார்த்தான்.

அரங்கநாதரைப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் கோட்டைச் சுவரோரமாக நடந்தோம். ஆங்கிலேயப் படை சுவரை உடைத்து நுழைந்த இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. அங்கே நின்று பார்த்தால் கீழே ஆறு. பாறையும் நாணலும் நடுவே தண்ணீருமாக அகலமாகக் கிடக்கிறது. 1799 மே 4, நண்பகல் தாண்டிய நேரத்தில் இந்த ஆற்றைக் கால்நடையாகக் கடந்துதான் வந்தார்கள். பெரியவர் தேதியைக் கேட்டுவிட்டு, "அதான் சித்திரை கடைசி. ஆத்துல தண்ணியே இருக்காதே" என்றார்.

கணக்கு அதுதான். தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் குடகில் பெய்யும் மழை இங்கே கரைபுரண்டு வரும். அப்புறம் எந்தப் படையும் ஆற்றில் இறங்க முடியாது. இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்தால் காவிரியே கோட்டையைக் காப்பாற்றும் என்பது திப்புவுக்கும் தெரியும், வெளியே முகாம் போட்டிருந்தவர்களுக்கும் தெரியும். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இதே ஊர் வரைக்கும் வந்து, மழையும் பசியும் சேர்ந்துகொள்ள, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மறு வருடம் பிப்ரவரியில் திரும்ப வந்தார், தண்ணீர் இறங்குகிற பருவமாகப் பார்த்து. அந்தப் போரின் முடிவில்தான் சேலம், பாராமகால், திண்டுக்கல் எல்லாம் கம்பெனி கைக்குப் போயின. பள்ளிக்கூடத்தில் இதைத் தேதிகளாகப் படித்திருந்தேன். ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததில்லை.

இப்போது அந்த ஆற்றின் மட்டம் அணை மதகைப் பொறுத்தது. வானம் தெளிவாக இருக்கும்போதும் மேலே திறந்துவிட்டால் ஏறும். படித்துறைகளில் ஜனம் குளிக்கிறதே என்று நாமும் நடு ஆற்றுப் பாறைக்குத் தாவிப் போய் உட்காரக் கூடாது. மேலே ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்தில் பாறைமேல் வாய் பிளந்து வெயில் காயும் முதலைகளுக்கும் இதே ஆறுதான்.

வடக்குச் சுவரை ஒட்டி இருக்கும் பாதாளச் சிறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகளில் துளைகள் இருக்கின்றன, கைதிகளைச் சங்கிலியால் பிணைக்க. இங்கே சிறைப்பட்டு 1782-இல் செத்துப்போன ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் பெயர்தான் அந்த இடத்துக்கு. அவர் பிடிபட்டது நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், 1780 பொள்ளிலூர் சண்டையில். தீவின் கிழக்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையையே பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். குதிரை, யானை, வெடிக்கும் மருந்து வண்டி எல்லாவற்றுக்கும் நடுவே பல்லக்கில் பெய்லி. விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் காட்டியதும் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "பயிர் முங்கிப் போனா நாங்களும் இப்படித்தான் வரப்புல உக்காந்திருப்போம்" என்றார்.

தரியா தௌலத்தில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, கழிப்பறை வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே நடக்கிறவர்களுக்கு ஒழுங்கான இடம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஹைதர் அலியும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸைப் பார்த்து முடிக்கையில் மணி இரண்டரை. அங்கிருந்து ஆறு கூடும் சங்கமத்துக்குத் தார்ச்சாலை இருக்கிறது. ஒழுங்காக அதில் போயிருக்கலாம். "ரோட்டுல எதுக்கு மாமா, மேப்ல ஆத்தோரமா ஒரு பாதை காட்டுது" என்று அக்கா மகன் போனை நீட்டினான். எனக்கும் ஆசை.

பாதை முதல் அரைக் கிலோமீட்டருக்கு இருந்தது. அப்புறம் வண்டித் தடமானது, தடம் வரப்பானது, வரப்பு ஒரு கரும்புக் கொல்லையின் வாயில் முடிந்தது. மேப்பில் எங்கள் நீலப்புள்ளி பாதையின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. எப்போதோ அங்கே தடம் இருந்திருக்கும், யாரோ குறித்து வைத்திருப்பார்கள், இப்போது கரும்பு நிற்கிறது. உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். பெரியவர், "வேணாம்" என்று ஒரு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

கரும்புக்குள் காற்றே கிடையாது. பத்தடி போனதும் வந்த வழி மூடிக்கொண்டது. தோகையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அரைக்கை டி-ஷர்ட்டில் போன எனக்கு முழங்கை வரை கீறல், அதில் வியர்வை இறங்கி எரிச்சல். பின்னால் வந்த பெரியவர் கையிலிருந்த குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார், உரக்கப் பேசிக்கொண்டும் வந்தார். என்னப்பா ஏன் கத்துகிறீர்கள் என்றான் மகன். "பாம்புக்கு அதிர்வு. மத்ததுக்குச் சத்தம்" என்றார். மற்றது எது என்று அப்போது கேட்கவில்லை. மண்டியா மாவட்டக் கரும்புக் காடுகளில் சிறுத்தை குட்டி போடுவது வழக்கமான சங்கதி, கரும்பு வெட்டும்போது ஆட்கள் குட்டிகளைப் பார்ப்பது அடிக்கடி செய்தியில் வரும். வெளியே வந்த பிறகு இதைச் சொன்னேன். அக்கா மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேப்பைப் பற்றி அதற்கப்புறம் அவன் வாயே திறக்கவில்லை.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தோம், புறப்பட்ட வரப்புக்கே. அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தால் முழுக்கைச் சட்டை, முழுக் காற்சட்டை, ஒரு குச்சி. கரும்பு ஆள் உயரம் நிற்கிற காலத்தில் கொல்லைக்குள் கால் வைப்பதே இல்லை. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அதன் ஓரத்தில்கூட நடக்க மாட்டேன்.

அந்த வழியில் ஒரு நன்மையும் நடந்தது. திரும்பி வரும்போது வெல்லப்பாகு வாசனை வந்தது. தென்னந்தோப்புக்குள் ஒரு கொட்டகை. கன்னடத்தில் ஆலெமனெ என்பார்கள். நம் ஊரில் இன்று ஆலை என்றால் பஞ்சாலை, சர்க்கரை ஆலை என்று புகைபோக்கி வைத்த பெரிய கட்டடம்தான் நினைவுக்கு வரும். பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்: கரும்பைப் பிழியும் இடம். கன்னடத்தில் அது அப்படியே இருந்துவிட்டது. பெரிய கொப்பரையில் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கை. ஒருவர் நீளமான துடுப்பால் அழுக்கு நுரையை ஒதுக்கி ஒதுக்கி எடுத்தார். அந்தக் காலத்தில் வெண்டைச் செடியை நசுக்கிப் போட்டால் கசடு தானாகத் திரண்டு மேலே வரும் என்று பெரியவர் தமிழில் சொல்ல, அந்த ஆள், "பெண்டெ கிடா?" என்று திருப்பிக் கேட்டுத் தலையாட்டினார். இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன், தேவைப்படவில்லை. இளஞ்சூட்டில் வெல்லத்தை வாழை இலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் கால் மணி நேரம் உட்காரத் திட்டத்தில் இடம் விடுங்கள். நாங்கள் உட்கார்ந்தது முக்கால் மணி நேரம். சங்கமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு கிளையும் சேருமிடத்தில் பெரியவர் ஒன்றும் பேசாமல் நின்றார். நாங்களும் நின்றோம். ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு வந்தோம். போன் கணக்கில் அன்றைக்கு 14 கிலோமீட்டர்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் முழுக்க நான் பெரியவரைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தேன். டீக்கடையில், கோயில் வாசலில். 1991 டிசம்பரில் நான் இரண்டாம் வகுப்பு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கலவரம் வந்தபோது எங்கள் அப்பா வாசலில் தமிழில் பெயர் எழுதியிருந்த பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது நண்பன் ஆபீஸிலிருந்து நடந்தே வீடு வந்தான். அந்தப் போராட்டங்களில் மண்டியாதான் எப்போதும் முன்னால் நிற்கும். அதனால் எங்கள் தலைமுறைக்கு இந்த மாவட்டத்தில் இறங்கினாலே குரல் தானாகத் தணிந்துவிடும். பெரியவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வயலைக் கண்டால் அவருக்குச் சத்தம் கூடத்தான் செய்யும்.

மறுநாள் காலை ஆறரைக்கே கிளம்பினோம். வடக்குக் கிளையின் மேல் இருக்கும் வெல்லஸ்லி பாலம் 1804-இல் திவான் பூர்ணய்யா காலத்தில் கட்டியது. கல்தூண்களை ஆற்றுப் பாறையில் நட்டு, மேலே கல்லையே பாவியிருக்கிறார்கள். பெரிய வெள்ளம் வந்தால் அடைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பனி விலகாத ஆற்றில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. தூண்களுக்கு நடுவே ஆற்று ஆலா ஒன்று மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. பறவைக்காக வருகிறவர்களுக்கு ரங்கனதிட்டு 4, 5 கிலோமீட்டரில் இருக்கிறது. உடையார் காலத்தில் 1640-களில் கட்டிய ஒரு தடுப்பணையால் உண்டான திட்டுகள் அவை. 1940-இல் சாலிம் அலி சொல்லித்தான் சரணாலயமானது. அங்கே நடக்க அதிகம் இல்லை, படகுதான். நாங்கள் விட்டுவிட்டோம்.

பாலத்திலிருந்து கரிகட்டா மலைக்கு ஐந்தாறு கிலோமீட்டர். மலை கண்ணெதிரே நிற்கிறது, நேராகப் போய்விடலாம் போலத்தான் இருக்கும். நடுவே புது பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை வேலி போட்டுக்கொண்டு போகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அதில் பைக்குக்கே இடமில்லை. ஆள் குறுக்கே போகிற பேச்சே வேண்டாம். அங்கங்கே அடியில் சுரங்கப்பாதை விட்டிருக்கிறார்கள், அதைத் தேடித்தான் போக வேண்டும். வேலியோரமாக அரை மணி நேரம் நடந்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு சாட்டிலைட் படத்தில் இந்தச் சுரங்கப்பாதைகளைக் குறித்து வைத்துக்கொண்டால் அந்த அரை மணி மிச்சம்.

கரிகட்டா பெரிய மலை இல்லை. படி உண்டு, வண்டி ஏறும் சாலையும் உண்டு. சுற்றிலும் முள்ளும் புதருமான குறுங்காடு, இடையிடையே புளியும் வேம்பும். மலையேற்றக்காரர்கள் இதையெல்லாம் காடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வயல்வெளியிலிருந்து ஏறி வருகிறவனுக்கு அந்த உலர்ந்த காட்டின் வாசனை சட்டென்று வேறு. மேலே கருங்கல் சீனிவாசர். வெளியே நின்று பார்த்தால் இரண்டு நாள் நடந்ததெல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். அடியில் லோகபாவனி காவிரியில் சேர்கிறது. எதிரே தீவு. அதைத் தாண்டி மைசூர்ச் சாமுண்டி மலை. ஆற்றை ஒட்டிக் கரும்பச்சையாகக் கரும்பும் தென்னையும். கொஞ்சம் தள்ளி வெளிர் மஞ்சளாக நெல், அறுவடைக்குக் காத்திருப்பது. பச்சைக்கும் காட்டு நிறத்துக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை வளைந்து வளைந்து போகிறது. "அந்தக் கோடு இருக்கு பாரு, அதான் வாய்க்கா. அதுக்கு மேல தண்ணி ஏறாது" என்றார் பெரியவர். நான் இத்தனை வருடம் மலைகளிலிருந்து பார்த்த எல்லா வயல்களிலும் அந்தக் கோடு இருந்திருக்கும்.

ஏறிய வழியே இறங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். வடக்குப் பக்கம் ஆடு மேய்க்கும் தடம் ஒன்று தெரிந்தது, அதில் இறங்கினோம். சருக்கல், காலைப் பிடித்து இழுக்கும் சூரைமுள். ஒன்றரை மணி நேரம். கீழே வந்து நிமிர்ந்தால், மேலிருந்து பார்த்த அந்தக் கோடு எங்கள் முன்னால். ததும்ப ததும்பத் தண்ணீர். அகலம் அதிகமில்லை, ஐந்தாறு ஆள் படுத்தால் எட்டும். தண்ணீர் வேகமாக, ஆனால் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சிமெண்ட் சரிவு. எதிர்க்கரையில் எங்களுக்கு வேண்டிய சாலை.

அக்கா மகன் ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவச் சரிவில் ஒரு காலை வைத்தான். தண்ணீர் படும் இடத்தில் சிமெண்ட்டின் மேல் பச்சையாகப் பாசி. கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் இரண்டடி கீழே போனான். நண்பன் அவன் பேக்கின் பட்டையைப் பிடித்துவிட்டான். அந்தப் பட்டை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஷூ கழன்று போனது. வெள்ளையாக, மிதந்து, வளைவில் திரும்பிப் போனது.

ஆற்றைவிட இந்த வாய்க்கால்கள் மோசம் என்று பெரியவர் அப்புறம் விளக்கினார். ஆற்றில் விழுந்தால் மணலோ பாறையோ வேரோ கைக்குக் கிடைக்கும். சிமெண்ட் வாய்க்காலில் பிடிக்க ஒன்றும் இல்லை, நீச்சல் தெரிந்தவனும் கரையேற முடியாமல் அசந்து போவான். 2018 நவம்பரில் பாண்டவபுரம் பக்கத்தில் ஒரு பேருந்து விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் கவிழ்ந்து 30 பேர் இறந்தார்கள். அது பட்டப்பகல். மேப்பில் ஆறும் வாய்க்காலும் ஒரே நீலக்கோடு. காய்ந்து கிடக்கிறதா, நிறைந்து ஓடுகிறதா என்று அதில் தெரியாது. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வாய்க்கால் கரையில் அவர்களைத் தண்ணீர்ப் பக்கம் நடக்க விடாதீர்கள். ஒரு பத்து மீட்டர் கயிறு பேக்கில் இருப்பதும் நல்லது. எடை ஒன்றும் பெரிதில்லை, இப்போது நான் எடுத்துப் போகிறேன்.

எப்படிக் கடப்பது என்று நான் மறுபடி போனை எடுத்தேன். பெரியவர் கரையோரமாக நடந்து, கொஞ்ச தூரத்தில் மண்வெட்டியோடு வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஒரு ஆளை நோக்கிக் கையை உயர்த்தினார். "ஐயா, இந்தப் பக்கம் எப்படி வர்றது?" என்றார், முழுத் தமிழில், முழுக் குரலில். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த ஆள் மண்வெட்டியை நட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "எல்லிந்த பந்த்ரி?"

"தஞ்சாவூரு."

"ஓ." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கேட்டார்: "மேட்டூரு தும்பித்யா?"

நான் மொழிபெயர்க்குமுன் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "ததும்புதான்னு கேக்குறாரு. ரொம்பிருச்சுய்யா, இந்த வருசம் ரொம்பிருச்சு."

ஒரு கிலோமீட்டர் மேலே போனால் தூபு இருக்கிறது, அதன் மேல் நடந்து வரலாம் என்று கையைக் காட்டினார். நம் தூம்புதான் அது. பெரியவர் ஊரில் மதகு என்பது பேச்சு வழக்கு, ஆனால் தூம்பு என்றாலும் அவருக்குத் தெரியும். நாங்கள் தூபு வழியாகச் சுற்றி அந்தக் கரைக்கு வந்தபோது அவர் காத்திருந்தார். வயலோரம் உட்கார்ந்து இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள், அவர் கன்னடத்தில், இவர் தமிழில். அங்கே தண்ணீரைக் கட்டு வைத்து விடுகிறார்கள். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. முறை வைக்கிறது என்பார்கள் நம் ஊரில். நாளை மறுநாள் அடைப்பு, அதற்குள் கரும்புக்குப் பாய்ச்சியாக வேண்டும் என்று அவருக்கு அவசரம். அப்படியானால் மூன்று நாள் கழித்து வந்திருந்தால் நாங்கள் காய்ந்த வாய்க்காலில் இறங்கி ஏறியிருப்போம். வாய்க்காலில் எப்போது தண்ணீர், எப்போது இல்லை என்பதை அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நெல் என்ன ரகம் என்றார் இவர். ஜெயா என்றார் அவர். இவர் எழுந்து போய்க் கதிர் ஒன்றை உருவி, மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து, இன்னும் பத்து நாள் என்றார். ஹத்து தினா என்று அவரும் விரல்களை விரித்துக் காட்டினார். உச்ச நீதிமன்றம் 2018-இல் காவிரியில் தமிழ்நாட்டுக்கு என்று முடிவு செய்து கொடுத்த 177.25 டிஎம்சி பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமென்றேதானா என்று எனக்குத் தெரியவில்லை. பேசியதெல்லாம் எலி, ஆள்கூலி, மகன்கள் பெங்களூரில் இருப்பது.

அக்கா மகன் மீதி நாலு கிலோமீட்டரை ஒரு காலில் ஷூ, மறுகாலில் பெரியவரின் செருப்பு என்று நடந்தான். பெரியவர் வெறுங்காலோடு. ஈரக் களிமண் வரப்பில் அவருக்கு ஒருமுறைகூட வழுக்கவில்லை. எனக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிய மலையேற்றக் காலணியிலும் இரண்டு தடவை வழுக்கியது. அதன் அடிப்பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் அது காலணியே இல்லை, பலகை. வரப்பு நடைக்கு வார் வைத்த, கழுவிப்போடக்கூடிய ரப்பர் செருப்பு போதும் என்பது என் இப்போதைய அபிப்பிராயம். முள்காட்டுக்கு மட்டும் ஷூ. இரண்டையும் தூக்க வேண்டியதுதான்.

மாலை பெங்களூர் திரும்பும் ரயிலில் பெரியவர் ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நண்பனுடைய அம்மாவின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. நேற்று ராத்திரியிலிருந்து அங்கே விடாமல் மழை. சம்பா நிற்கிற வயலில் முழங்கால் தண்ணீர். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டிவிட ஆள் கிடைக்கவில்லை.

"தண்ணி வந்துருக்கும்ல, நாலு நாளைக்கு இருங்கப்பா" என்று மகன் தெரியாத்தனமாகச் சொன்னான்.

"வந்தது போகணும்ல" என்றார்.

அன்றைக்கே மைசூரிலிருந்து வந்து பெங்களூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் ராத்திரி ரயிலில் தட்கல் கிடைக்குமா என்று நண்பன் போனில் தேடிக்கொண்டிருந்தான். அக்கா மகனின் காலிலிருந்த செருப்பைத் திரும்ப வாங்கி, ஜன்னலோரமாகத் தட்டி, மண்டியா மண்ணை உதிர்த்துவிட்டுப் பெரியவர் போட்டுக்கொண்டார்.